முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் விரைவு மீட்பு: ஒரு வரலாறு

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் விரைவு மீட்பு என்பது, நோயாளி அறுவை முடிந்த சில மணி நேரத்திலேயே எழுந்து நடக்கவும், ஓரிரு நாட்களில் பாதுகாப்பாக வீடு திரும்பவும் உதவும் மருத்துவ நடைமுறைகளின் தொகுப்பாகும். 1970களில் இந்த அறுவைக்கு உள்ளானவர்கள் இரண்டு, மூன்று வாரங்கள் மருத்துவமனையில் தங்கினர். இன்று பல நாடுகளில் ஒன்று முதல் மூன்று நாட்களில் வீடு திரும்புகின்றனர். தகுதியுள்ள சிலர் அறுவை நடந்த அன்று மாலையே புறப்பட்டுவிடுகின்றனர்.

இந்த மாற்றத்துக்குச் செயற்கை மூட்டின் வடிவமைப்பு முதன்மைக் காரணம் அன்று. 1970களின் நடுவில் உருவான மூட்டுக்கும் இன்றைய மூட்டுக்கும் அடிப்படை வடிவில் பெரிய வேறுபாடு இல்லை. மாறியது, அறுவைக்கு முன்னும் பின்னும் நோயாளி நடத்தப்பட்ட விதம். புதிதாகச் சேர்க்கப்பட்ட மருந்துகளுக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் தேவையற்றவை எனக் கண்டறிந்து கைவிடப்பட்ட பழக்கங்களின் பங்கும் அதற்குக் குறைந்ததன்று. நீண்ட படுக்கை, நீண்ட பட்டினி, குழாய்கள், மிகுதியான மார்ஃபின் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

ஓய்வே மருந்தாக இருந்த காலம்

19ஆம் நூற்றாண்டின் மருத்துவத்தில் ஓய்வு ஒரு சிகிச்சையாகவே மதிக்கப்பட்டது. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன் 1860 முதல் 1862 வரை ஆற்றிய சொற்பொழிவுகளில், வலி என்பது உடல் ஓய்வு கேட்கும் குரல் என்ற கருத்தை விளக்கினார். அவை 1863இல் நூலாக வெளிவந்து பல தலைமுறை மாணவர்களால் படிக்கப்பட்டன. லிவர்பூல் நகரில் பணியாற்றிய ஹியூ ஓவன் தாமஸ், நோயுற்ற மூட்டுக்கு இடைவிடாத, நீண்ட, கட்டாய ஓய்வு தேவை என வலியுறுத்தினார். அவர் வடிவமைத்த தாமஸ் சட்டம் உடைந்த காலை அசையாமல் நிறுத்தும் கருவியாக உலகெங்கும் பரவியது.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத அக்காலத்தில், காசநோய் தாக்கிய மூட்டை அசையாமல் வைப்பது பயன் தந்தது. ஆகவே இந்த நம்பிக்கைக்கு அடிப்படை இருந்தது. ஆனால் அது எல்லா அறுவை நோயாளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. குடல்வால் அல்லது குடலிறக்க அறுவைக்குப் பின்னும் நோயாளிகள் இரண்டு வாரங்கள் வரை படுக்கையில் வைக்கப்பட்டனர். எழுந்தால் தையல் பிரியும் என்ற அச்சம் மருத்துவருக்கும் நோயாளிக்கும் பொதுவாக இருந்தது.

படுக்கைக்கு எதிரான குரல்கள்

இந்த வழக்கத்தை முதலில் கேள்விக்கு உட்படுத்தியவர்களுள் ஒருவர் சிக்காகோ மகளிர் நோய் மருத்துவர் எமில் ரீஸ். தம் நோயாளிகளை அறுவைக்குப் பின் விரைவில் எழுப்பி நடக்க வைத்த அனுபவத்தை அவர் 1899இல் வெளியிட்டார். அது பெரிதும் கவனிக்கப்படவில்லை. ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து டெட்ராய்ட் நகர மருத்துவர் டேனியல் லெய்த்தாசர் அதே முடிவுக்கு வந்தார். 1938இல் அவரிடம் குடல்வால் அறுவை செய்துகொண்ட ஒருவர், மறுநாளே வீட்டுக்குப் போவதாகப் பிடிவாதம் பிடித்தார். தடுத்தும் கேளாமல் போனவருக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை. மற்றவர்களைவிட அவர் விரைவாகவே தேறினார். இதைக் கண்ட லெய்த்தாசர் தம் பிற நோயாளிகளையும் விரைவில் எழுப்பத் தொடங்கி, 1940களில் அதன் பயன்களை எழுதினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மருத்துவமனைப் படுக்கைகளுக்கும் பணியாளர்களுக்கும் ஏற்பட்ட பற்றாக்குறை இந்த முறை பரவ உதவியது.

1947இல் பிரித்தானிய மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர், படுக்கையின் ஆபத்துகள் குறித்துப் பிரித்தானிய மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார. நீண்ட படுக்கையால் நுரையீரலில் சளி தேங்குதல், கால் சிரைகளில் இரத்தம் உறைதல், தசை தேய்தல், எலும்பு சுண்ணாம்புச் சத்தை இழத்தல், மலச்சிக்கல், மனச்சோர்வு ஆகியவை வருவதை அவர் உறுப்பு உறுப்பாக விவரித்தார்.

இதற்கு அளவீட்டுச் சான்று 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் கிடைத்தது. நல்ல உடல்நலம் கொண்ட ஐந்து இளைஞர்கள் மூன்று வாரங்கள் படுக்கையில் வைக்கப்பட்டு, அவர்களின் இதய, நுரையீரல் திறன் முன்னும் பின்னும் அளக்கப்பட்டது. அத்திறன் வெகுவாகச் சரிந்திருந்தது. 30 ஆண்டுகள் கழித்து அதே ஐவரை மீண்டும் சோதித்தபோது, முதுமை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதைவிட அந்த மூன்று வாரப் படுக்கை எடுத்துக்கொண்டது அதிகம் எனத் தெரிந்தது.

செயற்கை மூட்டின் வருகை

முழங்காலுக்குச் செயற்கை மூட்டு பொருத்தும் முயற்சியை 1890இல் பெர்லின் மருத்துவர் தெமிஸ்டோக்ளிஸ் குளுக் மேற்கொண்டார். காசநோயால் அழிந்த மூட்டுக்குப் பதிலாக, யானைத் தந்தத்தால் செய்த கீல் ஒன்றை அவர் பொருத்தினார். தொற்று காரணமாக அம்முயற்சி நிலைக்கவில்லை. 1950களில் சுவீடனின் வால்டியசும் இங்கிலாந்தின் ஷியர்சும் கதவுக் கீல் போன்ற மூட்டுகளை உருவாக்கினர். அவை மடங்கி நீண்டன; ஆனால் முழங்காலின் இயல்பான சுழற்சிக்கு இடம் தராததால் விரைவில் தளர்ந்தன.

1960களில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி, உலோகமும் பாலிஎத்திலீனும் எலும்புச் சிமெண்டும் சேர்ந்த இடுப்பு மூட்டை வெற்றிகரமாக்கினார். அங்கு பயின்ற கனடா நாட்டவர் ஃபிராங்க் கன்ஸ்டன் 1968இல் அதே கொள்கையை முழங்காலுக்குப் பயன்படுத்தினார். 1974இல் நியூயார்க்கின் சிறப்பு அறுவை மருத்துவமனையில் ஜான் இன்சால், இந்தியாவில் பிறந்த சித்தரஞ்சன் ரணாவத், பொறியாளர் பீட்டர் வாக்கர் ஆகியோர் முழுக் குமிழ் மூட்டை அறிமுகப்படுத்தினர். இன்றைய முழங்கால் மூட்டுகள் பெரும்பாலும் அதன் வழித்தோன்றல்களே.

மூட்டு புதிதாக இருந்தாலும் அதைச் சுற்றியிருந்த பராமரிப்பு பழையதாகவே இருந்தது. அறுவைக்குப் பின் கால் தடித்த கட்டிலோ மாவுக்கட்டிலோ சில நாட்கள் அசையாமல் வைக்கப்பட்டது. காயத்தில் இரத்தம் வடிக்கும் குழாயும் சிறுநீர்க்குழாயும் பொருத்தப்பட்டன. வலிக்கு சில மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின் ஊசி போடப்பட்டது. அதனால் குமட்டல், தூக்கம், தலைசுற்றல் ஏற்பட்டு நோயாளி எழ முடியாமல் போனது. கட்டு பிரிக்கும்போது மூட்டு இறுகியிருக்கும். போதிய அளவு மடங்காத முழங்காலை, நோயாளிக்கு மீண்டும் மயக்க மருந்து கொடுத்து மடக்க வேண்டிய நிலையும் பலருக்கு வந்தது.

இயந்திரம் மடக்கிய கால்

இந்த இறுக்கத்துக்கு முதல் பெரிய மாற்று டொராண்டோவிலிருந்து வந்தது. குழந்தைகள் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் ராபர்ட் சால்டர் 1970 முதல் முயல்களில் ஆய்வு செய்து, மூட்டை ஓயாமல் மெதுவாக அசைத்தால் சேதமுற்ற குருத்தெலும்பு நன்றாக ஆறுவதைக் காட்டினார். அசையாமை மூட்டுக்குத் தீங்கு என்ற அவரது கருத்து, ஒரு நூற்றாண்டு நம்பிக்கைக்கு நேர் எதிரானது.

1980களில் இக்கருத்தின் அடிப்படையில் அமைந்த இயந்திரங்கள் முழங்கால் அறுவைப் பிரிவுகளில் இடம்பெற்றன. நோயாளி படுத்திருக்க, தொட்டில் போன்ற சட்டத்தில் வைக்கப்பட்ட காலை மோட்டார் மணிக்கணக்கில் மடக்கி நீட்டியது. பின்னாளில் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வுகள், முழங்கால் மாற்றத்துக்குப் பின் இந்த இயந்திரத்தால் மடக்கும் அளவில் கிடைக்கும் கூடுதல் பயன் மிகச் சிறியது எனக் கண்டன. கால் அசைந்தது, ஆனால் நோயாளி படுக்கையிலேயே இருந்தார். தசை தானாக வேலை செய்யவில்லை. அசைவு தேவை என்ற கருத்து சரியாக இருந்தும், அசைய வேண்டியவர் நோயாளியே என்பது புரிய மேலும் சில ஆண்டுகள் ஆயின.

கோபன்ஹேகனில் எழுந்த கேள்வி

விரைவு மீட்பு முறையின் தந்தை எனக் கருதப்படுபவர் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட். இவர் மூட்டு மருத்துவர் அல்லர். கோபன்ஹேகன் அருகிலுள்ள ஹ்விடோவ்ரே மருத்துவமனையில் குடல் அறுவை செய்தவர். அறுவைக் கத்தி உடலில் ஏற்படுத்தும் அதிர்ச்சியே அவரது ஆய்வுப் பொருள். அறுவையின்போது சுரப்பிகளும் நரம்புகளும் அழற்சியும் சேர்ந்து எழுப்பும் எதிர்வினை இதயத்தையும் நுரையீரலையும் குடலையும் தசையையும் தளர்த்துகிறது. அறுவை பிழையின்றி முடிந்தும் நோயாளிகள் ஏன் சிக்கலுக்கு உள்ளாகின்றனர் என்ற கேள்விக்கு இதில் விடை இருப்பதாக அவர் கருதினார்.

ஒற்றை மருந்தால் இதைத் தடுக்க முடியாது என்பது அவரது முடிவு. வலியைப் பல வழிகளில் ஒரே நேரத்தில் அடக்குதல், விரைவில் உணவு கொடுத்தல், விரைவில் எழுப்புதல், தேவையற்ற குழாய்களை நீக்குதல் ஆகிய எல்லாம் ஒன்றுசேர வேண்டும். பெருங்குடல் அறுவை நோயாளிகள் வழக்கமாக ஒரு வாரத்துக்கு மேல் தங்கிய காலத்தில், இரண்டு நாட்களில் அவர்கள் வீடு திரும்ப முடியும் என்பதை 1990களில் அவரது குழு காட்டியது. இந்தப் பன்முக அணுகுமுறையை விளக்கும் அவரது கட்டுரை 1997இல் வெளிவந்தது. 2001இல் ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் சிலர் இக்கருத்தை முன்னெடுக்க ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தனர். அது பின்னர் ஈராஸ் சங்கமாக வளர்ந்தது.

கெலெட் அடிக்கடி எழுப்பிய கேள்வி எளியது: இந்த நோயாளி இன்று ஏன் இன்னும் மருத்துவமனையில் இருக்கிறார்? வழக்கம் என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்காதபோது, அந்த வழக்கத்தை ஆராய வேண்டியிருந்தது.

குடலிலிருந்து முழங்காலுக்கு

அதே மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் ஹென்ரிக் ஹூஸ்டட் இந்தக் கேள்வியை இடுப்பு, முழங்கால் மாற்று நோயாளிகளிடம் எழுப்பினார். 2011இல் வெளியான அவரது குழுவின் ஆய்வு, நோயாளிகள் வீடு திரும்பத் தடையாக இருப்பவை முதன்மையாக வலி, தலைசுற்றல், பொதுவான பலவீனம் ஆகிய மூன்றே எனக் காட்டியது. இயன்முறை மருத்துவருக்கும் இரத்தம் ஏற்றுவதற்கும் எக்ஸ்ரே எடுப்பதற்கும் காத்திருந்ததால் தாமதமானவர்களும் இருந்தனர். அதாவது, சில தடைகள் உடலில் இருந்தன. வேறு சில மருத்துவமனையின் ஒழுங்கமைப்பில் இருந்தன.

டென்மார்க்கின் பல மருத்துவமனைகளை ஒப்பிட்டபோதும் இதே உண்மை தெரிந்தது. தங்கும் நாட்கள் குறைவாக இருந்த பிரிவுகளில் ஒரே வகை நோயாளிகளுக்கென்று தனி வார்டும் மாறாத பணியாளர்களும் இருந்தனர். எத்தனை நாளில் வீடு திரும்பலாம் என்பது அறுவைக்கு முன்பே நோயாளிக்கும் குடும்பத்துக்கும் வகுப்பு நடத்திச் சொல்லப்பட்டது. அறுவை நடந்த அன்றே நோயாளி எழுப்பப்பட்டார். வீட்டுக்கு அனுப்பும் முடிவு நாள்கணக்கைப் பார்த்து எடுக்கப்படவில்லை. தானாக உடை அணிதல், படுக்கையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எழுதல், கழிப்பறைக்குச் செல்லுதல், ஊன்றுகோலுடன் நடத்தல், வலி மாத்திரையால் கட்டுப்படுதல் ஆகியவற்றைப் பார்த்தே எடுக்கப்பட்டது.

2000ஆம் ஆண்டில் டென்மார்க்கில் இடுப்பு, முழங்கால் மாற்று நோயாளிகள் சராசரியாகப் பத்து நாட்கள் அளவில் தங்கினர். பத்து ஆண்டுகளுக்குள் அது ஏறத்தாழ நான்கு நாட்களாகக் குறைந்தது. இங்கிலாந்தின் தேசிய நலச் சேவையும் இதே முறையைப் பரப்ப 2009இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

வலியைக் காயத்திலேயே தடுத்தல்

வலி அடங்காமல் நோயாளி நடக்க முடியாது. ஆனால் வலியை அடக்கும் முறையே காலைச் செயலிழக்கச் செய்தால் அப்போதும் நடக்க முடியாது. முழங்கால் அறுவையின் வலி மருத்துவ வரலாறு இந்த முரணைத் தீர்க்கும் முயற்சியாகவே அமைந்தது.

மார்ஃபின் ஊசிக்குப் பின் முதுகில் மெல்லிய குழாய் வழியாக மருந்து செலுத்தும் எபிடியூரல் முறை வந்தது. அது வலியை நன்கு அடக்கினாலும் இரத்த அழுத்தத்தைக் குறைத்தது, சிறுநீரைத் தடுத்தது. 1990களில் தொடை நரம்பை மரக்கச் செய்யும் முறை பரவியது. அது தொடையின் முன்பக்கத் தசையையும் தளர்த்தியதால், எழுந்த நோயாளிகளில் சிலர் கால் மடங்கி விழுந்தனர். 2010க்குப் பின் கோபன்ஹேகன் மயக்கவியல் மருத்துவர்கள், நரம்பு தொடையின் நடுப்பகுதிக்கு இறங்கிய பின் அதை மரக்கச் செய்யும் முறையை ஆராய்ந்தனர். அங்கு தசைக்கான கிளைகள் பெரும்பாலும் பிரிந்துவிட்டதால், வலி குறைந்தும் தசையின் வலு பெருமளவு காக்கப்பட்டது.

இன்னொரு வழி சிட்னியில் உருவானது. டென்னிஸ் கெர், லாரன்ஸ் கோஹன் ஆகிய இருவரும், அறுவை முடியும் முன் மூட்டைச் சுற்றியுள்ள திசுக்களில் ரோபிவகைன் என்னும் மரப்பு மருந்தையும் கெட்டோரோலாக் என்னும் வலி நீக்கியையும் அட்ரினலினையும் கலந்து ஊசியால் பரப்பினர். 325 நோயாளிகளிடம் பெற்ற அனுபவத்தை அவர்கள் 2008இல் வெளியிட்டனர். அவர்களில் பெரும்பாலோர் ஓர் இரவு மட்டுமே தங்கி வீடு திரும்பினர். கருவி ஏதும் தேவைப்படாத இம்முறை பல நாடுகளில் விரைவாகப் பரவியது.

இவற்றுடன் பாராசிட்டமாலும் அழற்சி எதிர்ப்பு மாத்திரைகளும் அறுவைக்கு முன்பிருந்தே நேரம் தவறாமல் கொடுக்கப்பட்டன. 2011இல் டேனிஷ் குழுவினர், அறுவைக்கு முன் ஒரே முறை 125 மில்லிகிராம் மெத்தில்பிரெட்னிசொலோன் கொடுத்தால் முதல் நாளின் வலியும் குமட்டலும் குறைவதைக் காட்டினர். மார்ஃபின் வகை மருந்துகளின் தேவை இதனால் சுருங்கியது.

இரத்தமும் குழாய்களும் பட்டினியும்

இரத்தச் சோகையும் தலைசுற்றலும் எழுந்து நிற்பதைத் தடுத்தன. இதற்கு உதவிய மருந்து மிகப் பழையது. 1962இல் ஜப்பானின் உடகோ ஒகமோட்டோ, ஷோசுகே ஒகமோட்டோ தம்பதியினர் கண்டறிந்த டிரானெக்சாமிக் அமிலம், உறைந்த இரத்தம் கரைவதைத் தடுக்கிறது. பிரசவ இரத்தப்போக்கால் இறக்கும் பெண்களைக் காப்பதே உடகோவின் நோக்கமாக இருந்தது. 1990களில் இது முழங்கால் அறுவையில் சோதிக்கப்பட்டு, இரத்த இழப்பையும் இரத்தம் ஏற்றும் தேவையையும் வெகுவாகக் குறைத்தது.

காயத்தில் வைக்கும் வடிகுழாயும் ஆய்வுக்கு உள்ளானது. உள்ளே இரத்தம் தேங்காமல் அது காக்கும் என்பதே நம்பிக்கை. ஒப்பீட்டு ஆய்வுகளோ, குழாய் வைக்கப்பட்டவர்களுக்கே இரத்தம் ஏற்றும் தேவை அதிகம் எனக் காட்டின. பல பிரிவுகள் அதைக் கைவிட்டன. எல்லோருக்கும் வழக்கமாகப் பொருத்தப்பட்ட சிறுநீர்க்குழாயும் தேவைப்படுவோருக்கு மட்டும் என்றானது.

அறுவைக்கு முந்தைய இரவு முதல் நீரும் அருந்தக் கூடாது என்ற விதியும் தளர்ந்தது. மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் சென்றால் நேரும் ஆபத்தை நியூயார்க்கின் கர்ட்டிஸ் மெண்டல்சன் 1946இல் விளக்கியதே அந்த விதி இறுகக் காரணம். தெளிந்த நீர் இரண்டு மணி நேரத்தில் இரைப்பையை விட்டுப் போய்விடுவதை ஆய்வுகள் காட்டியபின், 1999இல் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை நீர் அருந்த அனுமதித்தது.

ஒரே நாளில் வீடு

அமெரிக்காவில் இந்த மாற்றத்தைப் பணமும் உந்தியது. 1983இல் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், தங்கும் நாட்களுக்கு ஏற்பப் பணம் தருவதை விட்டு, நோய் வகைக்கு ஒரு தொகை என நிர்ணயித்தது. அன்று முதல் ஒவ்வொரு கூடுதல் நாளும் மருத்துவமனைக்குச் செலவாயிற்று. 2000களின் தொடக்கத்தில் சிக்காகோவின் ரிச்சர்ட் பெர்கர், சிறிய கீறல் வழியாக அறுவை செய்து நோயாளிகளை அன்றே வீட்டுக்கு அனுப்பினார். சிறிய கீறல் அக்காலத்தில் பெரிதும் விளம்பரப்படுத்தப்பட்டது. கீறலின் நீளம் நீண்டகாலப் பலனை மாற்றவில்லை என்பதைப் பிந்தைய ஒப்பீடுகள் காட்டின.

2018 சனவரி முதல், மருத்துவமனையில் தங்கியே செய்ய வேண்டிய அறுவைகளின் பட்டியலிலிருந்து முழு முழங்கால் மாற்றத்தை மெடிகேர் நீக்கியது. 2020இல் கொரோனா பெருந்தொற்று வந்தபோது மருத்துவமனையில் தங்குவதே ஆபத்தாகக் கருதப்பட்டதால், ஒரே நாளில் வீடு திரும்பும் முறை மேலும் பரவியது. அதே ஆண்டில் இடுப்பு, முழங்கால் மாற்றத்துக்கான ஈராஸ் சங்கத்தின் வழிகாட்டுதல்களும் வெளிவந்தன.

விரைவின் எல்லை

வீடு திரும்புவது வேறு, மீள்வது வேறு. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், அறுவைக்கு ஒரு மாதம் கழித்துத் தொடையின் முன்பக்கத் தசையின் வலு, அறுவைக்கு முன் இருந்ததைவிட 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது. மூட்டின் வீக்கமும், தசையை முழுமையாக இயக்க நரம்பு மண்டலம் தயங்குவதும் இதற்குக் காரணங்கள். மருத்துவமனை நாட்கள் பத்திலிருந்து இரண்டாகச் சுருங்கியதால் தசை வலுப்பெறும் காலம் சுருங்கிவிடவில்லை. அது இன்றும் மாதக்கணக்கில்தான் நடக்கிறது. நன்றாகப் பொருத்தப்பட்ட மூட்டுடன் வாழ்பவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீடித்த வலி இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. விரைவு மீட்பு முறை இந்த எண்ணிக்கையைக் குறைத்துவிடவில்லை.

மருத்துவமனையில் குறைந்த நாட்களின் பணி வீட்டுக்கு மாறியது. மாத்திரை நேரம் பார்ப்பது, கட்டைக் கவனிப்பது, கெண்டைக்கால் வீக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் இரத்த உறைவு என ஐயுற்று மருத்துவரை அழைப்பது, வலிக்கும் காலை மடக்கச் சொல்லி ஊக்குவிப்பது எல்லாம் துணைவரிடமோ பிள்ளைகளிடமோ வந்து சேர்ந்தன. தனித்து வாழும் முதியவருக்கும், மாடிப்படி உள்ள வீட்டில் இருப்பவருக்கும், இதய நோயோ கட்டுப்படாத நீரிழிவோ உள்ளவருக்கும் ஒரே நாளில் வீடு என்பது பொருந்தாமல் போகலாம்.

இதை டேனிஷ் முன்னோடிகள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். முதலில் செம்மை, பிறகே வேகம் என்பது அவர்களின் நிலைப்பாடு. வலியும் ஆபத்தும் இல்லாத அறுவையே கெலெட்டின் இலக்கு. நாட்கள் குறைவது அதன் விளைவு மட்டுமே. வேகத்தையே இலக்காக்கி, அதற்கான தயாரிப்பும் வலி மருத்துவமும் வீட்டுத் துணையும் இல்லாமல் நோயாளியை அனுப்பினால், அது விரைவு மீட்பு ஆகாது. விரைவாகக் கைவிடுதலே ஆகும். ஹில்டன் காலத்து மருத்துவர்கள் வலி கண்டவரை ஓய்வுக்கு அனுப்பினர். இன்றைய மருத்துவம் வலியைத் தணித்து அவரை நடக்க அழைக்கிறது. அந்த முதல் அடியை அவர் அச்சமின்றி எடுத்து வைக்கும் நிலையை உருவாக்குவதே, இந்த முறை தோன்றியதன் நோக்கம்.